குடிசைக்கு எத்தனை இலக்கணம்?

கதையையும் கவிதையையும் வரிவரியாகக் கட்டுடைத்துப் பார்க்கப் பழகிய நாம் சட்டப் பிரதிகளை அப்படி வாசிப்பதில்லை. அதிலும் ஒரு சட்டத்தின் தொடக்கத்தில் வரும் சொற்பொருள் விளக்கப் பகுதியை வக்கீல்களே அவசரத்துக்குத்தான் புரட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் மிக அதிகமான மனிதர்களின் தலையெழுத்தை எழுதிய பிரதி அதுதான். எது கட்டடம், எது குடிசை, எது ஆக்கிரமிப்பு என்பதையெல்லாம் முதலில் அங்கேதான் முடிவு செய்கிறார்கள். புல்டோசர் பின்னால்தான் வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் நூறாண்டுக்கும் மேல் நம் நகரங்களை ஆண்டது. 1998இல் இயற்றிக் கிடப்பில் கிடந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது விடைபெற்றது. அந்தப் பழைய சட்டம் குடிசைக்கு இலக்கணம் சொன்ன விதத்தை என் வார்த்தைகளில் சொல்கிறேன். மரம், மண், இலை, புல், ஓலை, தகரம் இவற்றை முதன்மையாகக் கொண்டு கட்டியது குடிசை. எந்த அளவினதாக இருந்தாலும் தற்காலிகக் கட்டுமானம் எல்லாம் குடிசை. கடைசியாக, எந்தப் பொருளால் கட்டியதானாலும், நகராட்சி மன்றம் ‘இது குடிசை’ என்று அறிவிக்கிற எந்தச் சிறு கட்டடமும் குடிசை.

மூன்று படிகள் இருப்பதைக் கவனியுங்கள். முதல் படி பொருளைப் பார்க்கிறது. இரண்டாவது காலத்தைப் பார்க்கிறது. மூன்றாவது படியில் பொருளும் இல்லை, காலமும் இல்லை, பெயர் சூட்டுகிற அதிகாரம் மட்டும்தான் இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினாலும், ‘குடிசைன்னா குடிசைதான்’ என்று மன்றம் சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லாடல்தான் பொருளை உற்பத்தி செய்கிறது என்று ஃபூக்கோவைப் படித்துவிட்டு நாம் எழுதினோம். நகராட்சிக்காரர்கள் அதை 1920லேயே சட்டமாக்கி வைத்திருந்தார்கள்.

அதே காலத்து நகராட்சிச் சட்டங்களில் இன்னொரு விதி: வெளிக்கூரை, தாழ்வாரம், பந்தல், சுவர் எதையும் புல், ஓலை, பாய் போன்ற எளிதில் தீப்பிடிக்கும் பொருள்களால் அனுமதி இல்லாமல் அமைக்கக் கூடாது. அதாவது கல்யாணப் பந்தலுக்கும் அனுமதி வேண்டும். நடைமுறையில் எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் போய்க் கேட்டதில்லை. கேட்கப்படாத விதி செத்துப்போன விதி அல்ல. யாரிடம் கேட்பது என்று தேர்வு செய்ய உரிமை தருகிற விதி அது. சிறு கட்டுமானங்களைப் பற்றிய அத்தனை விதிகளுக்கும் இந்தக் குணம் உண்டு.

2

இனி ‘திட்ட அனுமதி’ என்கிற கருத்தாக்கத்துக்கு வருவோம். என் மனையில் நான் ஒன்றைக் கட்ட யாரோ ஏன் அனுமதி தர வேண்டும்? இந்தக் கேள்விக்கு நவீன காலத்தில் மிகத் தெளிவாகப் பதில் சொன்னது இங்கிலாந்தின் 1947ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். நிலம் உன்னுடையதாக இருக்கலாம், ஆனால் அதை ‘மேம்படுத்தும்’ உரிமை சமூகத்துடையது என்றது அது. போருக்குப் பின் வந்த தொழிற்கட்சி அரசாங்கத்தின் சட்டம் அது. நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் அந்த ஆதாயம் நிலவுடைமையாளருக்குப் போகக் கூடாது என்கிற நல்ல எண்ணமும் அதற்குள் இருந்தது. அடுத்து வந்த பழமைவாதக் கட்சி ஆட்சி 1950களின் முற்பகுதியில் ஆதாய வரிப் பகுதியை நீக்கிவிட்டு, அனுமதி வாங்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டது.

அந்தச் சட்டம் ‘மேம்பாடு’ என்ற சொல்லுக்கு இரண்டு கால்கள் வைத்தது. ஒன்று, நிலத்தின்மீதோ உள்ளேயோ மேலேயோ கீழேயோ நடக்கும் கட்டட, பொறியியல், சுரங்க வேலை. மற்றது, நிலத்தின் அல்லது கட்டடத்தின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம். ஒரு செங்கல்கூட வைக்காமல், வீட்டுத் திண்ணையில் இட்லி சுட்டு விற்க ஆரம்பித்தாலே அது ‘மேம்பாடு’ ஆகிவிட முடியும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இந்த இலக்கணத்தை ஏறத்தாழ சொல்லுக்குச் சொல் அங்கிருந்து இறக்குமதி செய்துகொண்டது.

இங்கிலாந்தில் இந்த இலக்கணம் யாரைக் கண்டு அஞ்சியது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு உலகப் போர்களுக்கு இடையில் விவசாயம் நொடித்து நிலம் மலிவாகக் கிடைத்தது. எஸ்ஸெக்ஸிலும் சஸ்ஸெக்ஸிலும் லண்டன் உழைப்பாளிகள் துண்டுத் துண்டாக மனை வாங்கி, பழைய ரயில் பெட்டியை, கழித்துக்கட்டிய பேருந்தை, பலகைக் கொட்டகையைக் கொண்டுவந்து நிறுத்திக் குடியேறினார்கள். டென்னிஸ் ஹார்டியும் அரசின்மைவாதியான காலின் வார்டும் சேர்ந்து 1984இல் வெளியிட்ட ‘ஆர்க்கேடியா ஃபார் ஆல்’ இந்தக் குடியேற்றங்களின் வரலாறு. நாட்டுப்புற அழகு கெட்டுப்போகிறது என்று மேட்டுக்குடியினர் கொதித்தார்கள். 1947க்குப் பிறகு, வசதி இல்லாதவர்கள் தங்கள் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக வீடு கட்டிக்கொள்ளும் அந்த வழி அடைபட்டது.

அடைபட்ட கதவு ஒரே ஓர் இடுக்கில் திறந்ததும் உண்டு. வேல்ஸின் பெம்புரோக்ஷயரில் மரமும் மண்ணும் புல்கூரையுமாக ஒரு வட்ட வீடு. வெளியார் கண்ணில் படாமல் இருந்த அந்தக் குடியிருப்பு 1998இல் வானிலிருந்து எடுத்த படங்களின் வழியே அதிகாரிகளுக்குத் தெரியவந்தது. இடிக்கச் சொன்னார்கள். பத்தாண்டு வழக்காடி 2008இல் அனுமதி கிடைத்தது. 2010இல் வேல்ஸ் அரசு, திறந்த நாட்டுப்புறத்தில் மிகக் குறைந்த வளம் கொண்டு வாழ்பவர்கள் வீடு கட்ட ஒரு தனிக் கொள்கையையே வகுத்தது. அய்ந்து ஆண்டுக்குள் தங்கள் அடிப்படைத் தேவைகளை அந்த நிலத்திலிருந்தே பூர்த்தி செய்துகாட்ட வேண்டும் என்பது நிபந்தனை. சுவாரசியம் என்னவென்றால், நம்ம ஊரில் ஏழ்மையின் அடையாளமாக இடிக்கப்படுகிற அதே மண்ணும் புல்லும் அங்கே சூழலியல் நற்சான்றாக மாறியிருக்கிறது. பொருள் அதேதான். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பெயர் மாறுகிறது.

3

தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். 1971 என்ற ஒரே ஆண்டின் பெயரைத் தாங்கிய மூன்று சட்டங்கள் நம்மிடம் இருக்கின்றன. மூன்றும் ஒரே குடிசையைத்தான் பார்க்கின்றன. மூன்றுக்கும் அது வேறுவேறாகத் தெரிகிறது.

முதலாவது, மேலே சொன்ன நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் கண்ணுக்குக் குடிசை ‘அனுமதியற்ற மேம்பாடு’. முழுமைத் திட்ட வரைபடத்தில் நிலம் நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 2008இல் ஒப்புதல் பெற்ற சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஆதாரக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, வேளாண்மை என்று வகைகள். நிலத்துண்டு ஒவ்வொன்றும் ஒரு வகைக்குள் வர வேண்டும். ஆனால் ஒரு குப்பத்துக் குடிசையில் பகலில் வலை பின்னுவார்கள், வாசலில் கருவாடு காயும், சாயங்காலம் வடை சுடுவார்கள், ராத்திரி எட்டுப் பேர் படுப்பார்கள். இதற்கு எந்த நிறம்?

இரண்டாவது, குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றுதல்) சட்டம். அதன் கண்ணுக்குக் குடிசை ஒரு நோய். சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒழுக்கத்துக்கும் கேடானது. (ஒழுக்கம் எப்படிக் கூரையோடு சம்பந்தப்படுகிறது என்று சட்டம் விளக்கவில்லை.) ஆனாலும் இந்தச் சட்டத்தில் ஒரு கவசம் உண்டு. குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் வாடகைக்கு இருப்பவர்களை, உரிய அதிகாரியின் முன்அனுமதி இல்லாமல் வெளியேற்ற முடியாது. அடிப்படை வசதிகள் கேட்பதற்கும் அந்த அறிவிப்பே பிடிமானம். ஆகவே ‘அறிவிக்கப்படுதல்’ என்பது ஒரே நேரத்தில் இழிவும் பாதுகாப்பும். சென்னையில் 1971இல் 1202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் இன்னும் 17. அதோடு சரி. அதற்குப் பிந்தைய குடியிருப்புகள் ‘அறிவிக்கப்படாதவை’. அந்தப் பிடிமானம் இல்லாதவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பி வைப்பது எளிதாயிற்று. குடிசை மாற்று வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பெயர் மாறியது நல்லதுதான். அறிவிப்புப் பட்டியல் நீண்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது சட்டத்தைப் பலரும் மறந்துவிட்டார்கள்: குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம். தஞ்சை மாவட்டம் போன்ற இடங்களில் விவசாயக் கூலிகளின் வீடு பண்ணையாரின் நிலத்தில் இருந்தது. கூலி கேட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். வேலைக்காரனைக் கட்டிப்போட்டிருந்த சங்கிலி அந்தக் கூரைதான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது ஒரு குடிசைக்குள். அந்த மண்ணில் வாழ்ந்த மக்களுக்குக் குடிசை நின்ற மனையையே சொந்தமாக்கியது 1971இன் சட்டம். அதன் கண்ணுக்குக் குடிசை மேம்பாடும் அல்ல, நோயும் அல்ல. ‘குடியிருப்பு’. அங்கே குடியிருந்தார்கள் என்பதே உரிமைக்குப் போதுமான காரணம்.

இந்த மூன்றில் முதல் இரண்டுதான் இன்றைக்கு அலுவலகங்களில் உயிரோடு இருக்கின்றன. மூன்றாவதன் தர்க்கத்தை, அதாவது இருப்பே உரிமை என்பதை, நகரத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் என் கேள்வி.

4

ஒரு சம்பவம். நான் பல ஆண்டு போய்வந்த படிப்பகம் ஒன்று. வடமாவட்டத்துச் சேரி ஒன்றின் முனையில், வண்டிப்பாதைப் புறம்போக்கில், பத்துக்குப் பன்னிரண்டு அடி, தகரக் கூரை. காலையில் பேப்பர், மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன், ராத்திரியில் கூட்டம். யாராவது இறந்துபோனால் பாடை கட்டுவதும் அதன் நிழலில்தான். ‘ஆக்கிரமிப்பை அகற்றவும்’ என்று நோட்டீஸ் வந்தது. இளைஞர்கள் முறைப்படி அனுமதி கேட்டுப் போனார்கள். நானும் கூடப் போனேன். விண்ணப்பத்தில் ‘பயன்பாடு’ என்றொரு கட்டம்.

“வீடா?” என்றார் எழுத்தர்.

“இல்லைங்க.”

“கடையா?”

“இல்லைங்க.”

“ஸ்கூலா?”

“ஸ்கூல்னும் சொல்ல முடியாதுங்க. படிப்பகம்.”

“அப்படி ஒண்ணு லிஸ்ட்லயே இல்லையேப்பா.”

அவர் கெட்டவர் அல்ல. அவர் கையில் இருந்த தாளில் உண்மையாகவே அப்படி ஒரு சொல் இல்லை. அதே பாதையில் நாற்பதடி தள்ளி, ஊர்க்காரர்கள் எழுப்பிய ஒரு சிறு கோயில் இருந்தது. இரண்டே ஆண்டில் அது மண்டபம் வைத்து வளர்ந்திருந்தது. பொது இடங்களில் அனுமதியின்றிப் புதிய வழிபாட்டுத் தலங்கள் எழுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. ஊராட்சிக் கட்டட விதிகளும் வழிபாட்டுக் கட்டடத்துக்கு ஆட்சியரின் முன்ஒப்புதல் வேண்டும் என்கின்றன. ஆனால் அந்தக் கோயிலிடம் ‘பயன்பாடு என்ன’ என்று ஒருவரும் கேட்கவில்லை. படிப்பகம் இன்றுவரை அனுமதி இல்லாமல்தான் நிற்கிறது.

சிறு கட்டுமானம் என்பது எப்போதும் நிலத்தின்மீதான ஓர் உரிமைகோரல். இது அதிகாரத்துக்கு நன்றாகத் தெரியும். காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதை எதிர்த்து, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தார்கள். ஒரு சிலையின் பரப்பு எத்தனை சதுர அடி இருக்கும்?

இதே இடத்தில் ‘பி மெமோ’ என்கிற விசித்திரமான தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ், புறம்போக்கில் இருப்பவருக்கு வருவாய்த்துறை கொடுப்பது இது. ‘நீ ஆக்கிரமிப்பாளன், தண்டத் தீர்வை கட்டு’ என்பது அதன் சாரம். ஆனால் மக்கள் அதைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஏன்? பத்து வருஷ பி மெமோ ரசீது இருந்தால், பத்து வருஷமாக அங்கே இருந்ததற்கு அரசே கொடுத்த சான்று ஆயிற்றே! “பட்டா இல்லீங்க, ஆனா பி மெமோ கட்டிட்டிருக்கோம்” என்று பெருமையாகச் சொல்வார்கள். தண்டனை ரசீதையே உரிமைப் பத்திரமாகத் திருப்பிப் போடுகிற இந்த வாசிப்புக்கு முன்னால் நம்முடைய கட்டுடைப்பெல்லாம் சாதாரணம். வீட்டுமனைப் பட்டா கேட்கும்போது அந்த ரசீதுகள் உதவுவதும் உண்டு. நிலம் ‘ஆட்சேபகரமற்ற’ புறம்போக்காக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஏரி, குளம், கால்வாய் ‘ஆட்சேபகரமானவை’. 2007இல் ஏரிகள் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் வந்தது. ஏரியைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தியாகராய நகரே 1920களில் தொடங்கி நெடிய ஏரியைத் தூர்த்து எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியின் இடத்தில். பெரிய கட்டுமானம் ஏரியை விழுங்கினால் அது நகர வரலாறு. சிறிய கட்டுமானம் ஏரிக்கரையில் ஒண்டினால் அது ஆக்கிரமிப்பு. இந்த வேறுபாட்டைப் பேசாமல் ஏரியை மட்டும் பேசும் சூழலியல் நமக்கு உதவாது.

5

எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஓலை எரியும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஓலைக் கொட்டகை எரிந்து 28 மனநோயாளிகள் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடச் சமையலறையின் கீற்றில் பிடித்த தீ 94 குழந்தைகளைக் கொன்றது. அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையே கூடாது என்றார்கள். சரிதான். ஆனால் ஏர்வாடியில் இறந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். கும்பகோணத்தில் ஒரே கட்டடத்தில் அளவுக்கு மீறிப் பிள்ளைகளை அடைத்திருந்தார்கள், வெளியேறப் போதுமான வழி இல்லை. கூரை மட்டுமே குற்றவாளி ஆனபோது சங்கிலியும் குறுகிய படிக்கட்டும் தப்பித்துக்கொண்டன.

குடிசையைப் புனிதமாக்குவதும் என் நோக்கம் அல்ல. ஐப்பசி மழையில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே ஒரு ராத்திரி இருந்தவர்கள் யாரும் ஓலையின் அழகியலைப் பேச மாட்டார்கள். கான்கிரீட் வேண்டும் என்று மக்கள் கேட்பது நியாயம். 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டம், 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் கட்டி ‘குடிசை இல்லாத தமிழ்நாடு’ என்ற இலக்கை வைத்திருக்கிறது. 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். ஆனால் கட்டுவதற்குச் சொந்த மனை வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2500 சதுர அடி மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்கள் இணையத்தில் தாங்களே சான்றளித்து உடனடியாக அனுமதி பெறலாம். முன்கூட்டிய கள ஆய்வு இல்லை.

இந்தச் சுயசான்று முறையை நான் வரவேற்கிறேன். அரசு ஒரு பெரிய விஷயத்தை ஒப்புக்கொண்டிருக்கிறது: சிறிய வீடு கட்டுபவரை முதலில் நம்பலாம். ஆனால் அந்த நம்பிக்கை பட்டா உள்ளவரோடு நின்றுவிடுகிறது. 3500 சதுர அடிக்காரரின் வார்த்தை சான்று. 120 சதுர அடிக்காரரின் வார்த்தைக்கு மதிப்பில்லை.

6

ஆக, என்ன கேட்க வேண்டும்? ‘அனுமதி முறையே வேண்டாம்’ என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த வெற்றிடத்தில் முதலில் வந்து நிற்பவர்கள் ரிசார்ட்காரர்களும் மனைத் தரகர்களும்தான். நமக்கு முன்மாதிரிகள் நம் சட்டங்களுக்குள்ளேயே கிடக்கின்றன.

1991ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை, ஊரகக் கடற்கரையில் உயர்அலைக் கோட்டிலிருந்து 200 முதல் 500 மீட்டர் வரையிலான பகுதியில் மீனவக் கிராமங்கள் வீடு கட்டிக்கொள்ள இடம் தந்தது. அதற்கு அது சொன்ன காரணம் பாரம்பரிய உரிமையும் வழக்காற்றுப் பயன்பாடும். வரைபடத்தின் நிறத்தைத் தாண்டி, ‘இவர்கள் இப்படித்தான் காலங்காலமாகப் புழங்குகிறார்கள்’ என்பதைச் சட்டம் ஏற்ற இடம் அது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கிறது. பெட்டிக்கடைக்குக் கிடைத்த இந்தக் கொள்கை குடிசைக்கும் படிப்பகத்துக்கும் ஏன் கிடைக்கக் கூடாது? 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, நகரத் திட்டமிடலும் கட்டட ஒழுங்கும் உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலில் முதல் இரண்டாக வைக்கப்பட்டன. முழுமைத் திட்டம் எழுதும் பேனா இன்னும் மாநில அமைப்புகளின் கையில்தான் இருக்கிறது.

எனவே என் கோரிக்கைகள் நான்கு. விதி, பொருளின் பெயரைச் சொல்லாமல் பாதுகாப்பின் அளவைச் சொல்ல வேண்டும்: எத்தனை பேர், எத்தனை வாசல், தீ எவ்வளவு நேரம் தாங்கும், அடுத்த வீட்டுக்கு எத்தனை அடி. இரண்டு, பல பயன்பாடுள்ள சிறு கட்டுமானம் என்று ஒரு வகையை விதிகளில் சேர்க்க வேண்டும். அந்த எழுத்தரின் பட்டியலில் படிப்பகம் என்ற சொல் ஏற வேண்டும். மூன்று, நீண்டகால பி மெமோவை இருப்புக்கான சான்றாக ஏற்று, சுயசான்று முறையை அவர்களுக்கும் திறந்துவிட வேண்டும். நான்கு, கணக்கெடுக்காமல், அறிவிப்புப் பட்டியலைப் புதுப்பிக்காமல் எதையும் இடிக்கக் கூடாது.

இவற்றில் எதற்கும் புரட்சி தேவையில்லை. விதித் திருத்தம் போதும். விதித் திருத்தம் வரும்போது வரைவை வெளியிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். அந்த அறிவிப்பை மனைத் தொழில்காரர்கள் தவறாமல் படித்து எழுதிப்போடுகிறார்கள். நம் பக்கத்திலிருந்து ஒரு கடிதமும் போவதில்லை. அடுத்த முறை அப்படி ஒரு வரைவு வந்தால், நேராகச் சொற்பொருள் விளக்கப் பகுதிக்குப் போங்கள். ‘கட்டடம்’, ‘குடிசை’, ‘தற்காலிகம்’, ‘பயன்பாடு’ என்ற நான்கு சொற்களுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து, காலக்கெடுவுக்குள் பதில் எழுதுங்கள்.